பீச்சாங்கைக் கரை

எங்க மாமா ஆத்துல மருந்தக் கலந்துட்டாருன்னு ஆபீசர் சொன்னப்போ, "கலந்திருப்பாரு சார்"னு முதல்ல சொன்ன வாய் இந்த வாய்தான். அதச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறதுதான் மரியாதை. இல்லேன்னா போகப் போக நான் ரொம்ப நல்லவ மாதிரித் தெரிஞ்சிடுவேன்.

மாமான்னா என் அக்கா வீட்டுக்காரர். ஆத்தங்கரையில முட்டைக்கோஸ் போடுறவர். வயசு அறுபத்திரண்டு. யார் சத்தம் போட்டாலும் "சரி, சரி"ன்னு சொல்லிட்டு வேலையப் பாக்கப் போயிடுவார். நான் அதே ஆத்துல தண்ணி அளக்குற ஆபீஸ்ல இருக்கேன். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, ஆறு இடத்துல தண்ணி மொண்டு, பாட்டில்ல அடைச்சு, ஐஸ் பெட்டியில வச்சு லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும். பதினோரு வருஷமா இதே வாளி, இதே பெட்டி. ஆபீஸ்ல என் பேரே வாளியம்மான்னு ஆயிப்போச்சு. குடியிருக்கிறது அக்கா வீட்டு மாடியில, சாப்பிடுறது அக்கா கையால. இத ஏன் சொல்றேன்னா, பின்னாடி அவ என்னைக் கேட்ட கேள்வி புரியணும்ல.

அஞ்சு இடத்துல நடு ஆத்துல ஒரே பாட்டில்தான். நாலாவது இடத்துல மட்டும் ரெண்டு. அங்க ஆத்துக்கு ரெண்டு பக்கமும் தோட்டம், ரெண்டு பக்கமும் வடிகால் வந்து விழுது. ஒரு கரையில எங்க மாமா. எதிர்க்கரையில ரிட்டையர் ஆன டீச்சரம்மா ஒருத்தங்க, பூ போட்டிருக்காங்க. "ஆறு நம் தாய்"னு பெயிண்ட்ல எழுதி வேலியில பலகை மாட்டினவங்க. நான் போனா டீ கொடுக்காம விடமாட்டாங்க.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆபீசர் சுவத்துல இருக்குற மேப்புக்கு முன்னாடி பேனாவால தட்டிக்கிட்டே நின்னாரு.

"நாலாவது இடம், இடது கரை. உங்க மாமா தோட்டம். ரெண்டு தடவையா பூச்சிமருந்து ஏறிக்கிட்டே வருது. மூணுவால் ஒண்ணுகூட இல்ல."

மூணுவால்னா ஒரு பூச்சிக் குஞ்சு. நகத்தளவுதான் இருக்கும், பின்னாடி மூணு வால். கல்லுக்கு அடியில ஒட்டிக்கிட்டு வாழும். பயிருக்கு அடிக்கிற மருந்து ஆத்துக்குள்ள வந்தா முதல்ல சாகுறது மீனில்ல, இதுதான். மூணுவால் இருந்தா ஆறு உயிரோட இருக்கு. இல்லேன்னா தண்ணி எவ்வளவு தெளிவா ஓடினாலும் அது செத்த ஆறுதான். ஒருதடவை செத்தா திரும்பி வர மாசக்கணக்கு ஆகும்.

"கலந்திருப்பாரு சார். சொந்தக்காரர்னு பாக்காதீங்க. பாட்டில் பொய் சொல்லாது"ன்னேன். சொல்றப்போ நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் சொன்னேன். வெக்கமாத்தான் இருக்கு, என்ன பண்றது.

ஆபீசருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. குரல இறக்கினாரு. "வெள்ளிக்கிழமை மூணாவது தடவை எடுக்கப் போறீங்க. அதுலயும் இப்படியே வந்தா, சீசன் முடியுற வரைக்கும் அவர் வடிகால் மதகுக்கு சீல் வைக்கணும். அவரா முன்வந்து எழுதிக் கொடுத்துட்டா சீல் இல்ல. வெறும் எச்சரிக்கை. கடிதத்தக் காய்கறிச் சங்கத்துப் பலகையில ஒட்டுவோம், அவ்வளவுதான்."

மாமா நிலம் பள்ளத்துல இருக்கு. மதக மூடினா தண்ணி வடியாது. நாலே நாள்ல கோஸெல்லாம் வேரோட அழுகிடும். அது அவருக்கு இந்த வருஷமே போன மாதிரி. பலகையில பேரு வர்றது அவமானம்தான், ஆனா பயிர் மிஞ்சும். எது மேல்னு எனக்குச் சந்தேகமே இல்ல. அன்னைக்கு எனக்கு எதுலயுமே சந்தேகம் இல்லாமப் போச்சு, அதுதான் வினை.

வீட்டுக்குக்கூடப் போகல. நேரா தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போனேன். மூலையில, சாக்குக்குப் பின்னாடி ஒரு பூச்சிமருந்து கேன் இருந்துச்சு. தூக்கிப் பாத்தா பாதி. மூடி மேல விரல் வச்சா பதியுற அளவுக்குத் தூசி. பாத்தேன். பாக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கோவத்துல இருக்கிறவளுக்குப் பாதி கேன்தான் தெரியும், தூசியா தெரியும்? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

மாமா களை எடுத்துட்டு கைகால் கழுவிக்கிட்டிருந்தாரு.

"மாமா, இது என்ன?"

"கேன்மா."

"கேன்னு எனக்கும் தெரியுது. இதுல பாதி எங்க?"

"அது போன வருஷத்து மருந்து. அப்பவே விட்டுட்டேனே. உன்கிட்டதான் சொன்னேன், நீகூட நல்லதுன்னு சொன்ன."

"விட்டுட்டீங்கன்னா ஆத்துல எப்படி வந்துச்சு? தானா நடந்து போச்சா? ரெண்டு தடவை வந்திருக்கு மாமா, ரெண்டு தடவை! உங்க வடிகால்ல!"

"என் வடிகால்லயா?" அவர் முகத்துல தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு, தொடைக்கவே இல்ல. "நான் அடிக்கலையேம்மா."

"பாட்டில்ல இருக்கு."

"நீயே எடுத்த பாட்டிலா?"

"நானே என் கையால எடுத்தது. இது நிச்சயம்."

அந்த ஒரு பதில்தான் அவரச் சாய்ச்சுது. இப்ப நினைச்சுப் பாத்தா அது நல்லாத் தெரியுது. ஆபீசர் சொல்லியிருந்தா "சரி, சரி"ன்னு தலையாட்டிட்டு உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பாரு. நான் எடுத்ததுன்னு சொன்னதும் அவர் யோசிக்க ஆரம்பிச்சிட்டாரு. என்கிட்ட அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பாவி நான்.

"மருந்து அடிக்கிற டேங்க எங்க கழுவுவீங்க?"

"குழாயடியில..."

"எப்பவுமா? ஒருநாள்கூட வடிகால்கிட்ட கழுவினதில்லையா?"

"எப்பவாச்சும்... கழுவியிருக்கலாம். டேங்குல மருந்து இல்லையேம்மா, நான் அடிக்கவே..."

"அடியில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்குமோ?"

"கவுத்தப்போ வெள்ளையா நுரை போயிருக்கும். யோசிச்சுப் பாருங்க."

அவர் வடிகால் பக்கம் திரும்பிப் பாத்தாரு. "போயிருக்கும்"னாரு.

அடி மேல் அடி அடிச்சா அம்மியும் நகரும். அவர் அம்மிகூட இல்ல, பஞ்சு. அன்னைக்குச் சாயங்காலமே கூடத்து மேஜையில அவர உக்கார வச்சு நானே சொல்லச் சொல்ல எழுத வச்சேன். "கைத்தெளிப்பான் டேங்கை இரண்டு முறை வடிகாலில் கழுவினேன். வெள்ளை நுரை ஆற்றில் கலந்ததைப் பார்த்தேன். மனம் வருந்துகிறேன்." 'வருந்துகிறேன்'ல எந்த ரன்னு கேட்டாரு. அதையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டுட்டுப் பேனாவ மூடி, மேஜையில நேரா வச்சாரு.

அக்கா கதவுல சாஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்தா.

"அவர் கலக்கல."

"அவரே எழுதியிருக்காரு அக்கா."

"நீ எழுத வச்ச. முப்பத்தஞ்சு வருஷமா நான் அவரோட குடும்பம் நடத்துறேன். எறும்பு போனா ஒதுங்கி நிக்கிற மனுஷன். என் கையால தின்னுக்கிட்டே என் புருஷன் பேர சந்தியில ஒட்டப் போறியா?"

"பயிரக் காப்பாத்தத்தானே செய்யுறேன்! சீல் வச்சா என்ன செய்வீங்க?"

அதுக்கப்புறம் அவ என்கூடப் பேசறத விட்டுட்டு பாத்திரத்தோட பேச ஆரம்பிச்சிட்டா. "இந்த வீட்டுல வளந்த பாம்பு இருக்கே"ன்னு குக்கர்கிட்ட சொல்லுவா. குக்கர் விசில் அடிக்கும். நான் தட்டத் தூக்கிட்டு மாடிக்குப் போயிடுவேன்.

புதன்கிழமை கடிதத்தக் கொடுத்தேன். வியாழக்கிழமை காலையில சங்கத்துப் பலகையில ஒட்டிட்டாங்க. மாமா அன்னைக்குத் தோட்டத்துக்குப் போகல. அவர் ஒருநாள் வீட்டுல உக்காந்து நான் பாத்ததில்ல. நாற்காலிய சுவத்தப் பாத்துப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. "மாமா, டீ"ன்னேன். "சரி, சரி"ன்னாரு. டீ ஆறிப்போச்சு, எடுக்கவே இல்ல.

எனக்கு இருப்புக் கொள்ளல. செஞ்சது சரிதான்னு ஒருதடவை என் கண்ணால பாத்துட்டா நிம்மதியா இருக்கும்னு தோணுச்சு. பூட்ஸ மாட்டிக்கிட்டு ஆத்துக்குப் போனேன். பாட்டில் இல்ல, வலை இல்ல, சும்மா வெறுங்கையோட.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். தண்ணியோட வலை போட்டுப் பூச்சியும் எடுக்குறேன், ஆனா வலையில வர்ற பூச்சிய நான் பாக்கிறதே இல்ல. சேறு, இலை, குச்சி எல்லாத்தையும் அப்படியே டப்பாவுல தட்டி, கெடாம இருக்க ஸ்பிரிட் ஊத்தி மூடிடுவேன். பிரிச்சு எண்ணுறது லேப்காரர் வேலை. அதனால நாலாவது இடத்துல கல்லப் புரட்டிப் பாத்தது அன்னைக்குத்தான்.

மாமா வடிகால் ஆத்துல விழுற இடம். முதல் கல்லப் புரட்டினேன். அடியில என்னமோ நெளிஞ்சுது. கண்ணு தெரியாம போயிடுச்சான்னு கண்ணாடியத் தொடைச்சுப் போட்டுக்கிட்டேன். மூணுவால். ஒண்ணு, ரெண்டு இல்ல, ஏழு. அடுத்த கல்லு, ஒம்பது. மூணாவது கல்லுல எண்ணுறத விட்டுட்டேன். கொழுகொழுன்னு, என்னைப் பாத்து "உனக்கு இங்க என்னடி வேலை"ன்னு கேக்குற மாதிரி ஓடுதுங்க.

செத்துப்போச்சுன்னு சொன்ன இடத்துல சந்தையே நடக்குது!

சரி, கல்லு இடம் மாறி உருண்டு வந்திருக்கும்னு பாத்தேன். இன்னும் பத்துக் கல்லு புரட்டினேன். எல்லாத்துலயும் இருக்கு. பதினஞ்சு நாள்ல திரும்பி வந்திருக்குமோ? வராது, மாசக்கணக்கு ஆகும். அப்போ லேப் தப்பா? லேப்காரர் ஒரு பூச்சியோட கால மூணு தடவை எண்ணுறவர். மாமா பொய்யா? அவர்தான் எழுதிக் கொடுத்துட்டாரே. ஒண்ணு மருந்து இருக்கணும், இல்ல பூச்சி இருக்கணும். ரெண்டும் ஒரே இடத்துல எப்படி இருக்கும்? ஆத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு "என்னதான் சொல்ற, சொல்லித் தொலையேன்"னு தண்ணியப் பாத்துக் கத்தினேன். நல்லவேளை, யாரும் இல்ல.

எதிர்க்கரைக்குப் போனேன். டீச்சரம்மா வடிகால். கல்லப் புரட்டினேன். மழமழன்னு இருந்துச்சு. அடுத்தது, அதுவும் அப்படித்தான். இருபது கல்லு. ஒரு மூணுவால் இல்ல, ஒரு புழு இல்ல. "ஆறு நம் தாய்" பலகை மட்டும் வேலியில ஆடிக்கிட்டிருந்துச்சு. டீச்சரம்மா மேலேருந்து "டீ போடட்டுமாம்மா"ன்னு கேட்டாங்க. "வேணாம் டீச்சர், எனக்கு ஏற்கனவே பித்தம் ஏறியிருக்கு"ன்னுட்டு ஓடிவந்துட்டேன்.

ஈர பூட்ஸோட லேபுக்குள்ள போனேன். லேப்காரர் லென்ஸ்லேருந்து கண்ண எடுக்காமலே "தரையெல்லாம் சேறு"ன்னாரு.

"தரை கிடக்கட்டும். நாலாவது இடத்துல மருந்து வந்த பாட்டில் எது?"

ரெஜிஸ்டர எடுத்து விரலால தடவிக்கிட்டே போனாரு. "பீ."

"பீயா?"

"நீங்க எழுதுறதுதானே. பதினோரு வருஷமா என் ரெஜிஸ்டர நாற வைக்கிறது நீங்க ஒருத்திதான்."

அது உண்மை. இடது, வலதுன்னு சொன்னா எனக்கு மூளை ஒரு நிமிஷம் சுத்தி நிக்கும். சோத்தாங்கை, பீச்சாங்கைன்னா உடனே கை தூக்கிடுவேன். அதனால பாட்டில்லயும் பூச்சி டப்பாவுலயும் 'சோ', 'பீ'ன்னுதான் எழுதுவேன். லேப்காரர் அத வலது கரை, இடது கரைன்னு மாத்தி ஏத்திக்குவாரு. இதுல இதுவரைக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்ல.

"பீச்சாங்கைப் பக்கம் டீச்சரம்மா வடிகால்தானே?"ன்னேன்.

"இல்லையே. இடது கரை உங்க மாமா. மேப்பப் பாருங்க."

"மேப்ப நீங்களே வச்சுக்கோங்க. தண்ணிக்குள்ள நிக்கிறவ நானு. இதோ பாருங்க." லேப் நடுவுல நின்னு ரெண்டு கையையும் விரிச்சேன். "இது சோத்தாங்கை. இங்க மாமா. இது பீச்சாங்கை. இங்க டீச்சரம்மா."

"அப்படி இருக்க முடியாதே." அவரும் எழுந்து வந்து எனக்கு எதிர்ல நின்னு கைய விரிச்சாரு. "எனக்கு இடது இங்க."

"நீங்க என்னப் பாத்து நின்னா அப்படித்தான் இருக்கும். இந்தப் பக்கம் வந்து நில்லுங்க."

வந்து நின்னாரு. ரெண்டு பேரும் கைய விரிச்சுக்கிட்டு, ஒரே பக்கம் பாத்துக்கிட்டு நின்னோம். "இப்ப ஆறு எங்க?"ன்னாரு. எனக்கும் தெரியல. அவர் டிஷ்யூ பேப்பர் உருளைய எடுத்துத் தரையில நீளமா உருட்டிவிட்டாரு. அதுதான் ஆறு. நான் அதுமேல நின்னேன்.

"தண்ணி எந்தப் பக்கம் போகுது?"

"என் முகத்துக்கு எதிரா வருது."

"முன்னாடி பாலத்துலேருந்து வாளி விட்டீங்களே, அப்போ?"

"அப்போ முதுகுப் பக்கமிருந்து வந்து முன்னாடி போகும். பாலத்துல தண்ணி போற பக்கத்துக் கம்பியிலதான் வாளிக் கொக்கி இருந்துச்சு."

"இப்போ ஏன் எதிர்ல வருது?"

"நீங்கதானே சொன்னீங்க, புது முறைன்னு! இந்த சீசன்லேருந்து பூச்சியும் எடுக்கணும், தண்ணிக்குள்ள இறங்கி நடக்கணும், கலங்கின சேறு பின்னாடி போகணும், அதனால தண்ணிக்கு எதிரா..."

அங்கேயே நிறுத்திட்டேன்.

இடது கரைன்னா, தண்ணி போற திசையப் பாத்து நின்னா இடது கைப் பக்கம் இருக்குறது. எல்லா ஆத்துக்கும் இதான் கணக்கு. பாலத்துல பதினோரு வருஷமா நான் தண்ணி போற பக்கம் பாத்து நின்னேன், பீச்சாங்கைப் பக்கம் மாமா இருந்தாரு. இந்த சீசன்ல தண்ணி வர்ற பக்கம் பாத்து நடந்தேன். மாமா சோத்தாங்கைப் பக்கம் வந்துட்டாரு. நான் கையப் பாத்து எழுதினேன்.

"கை நம்மகூடவே திரும்பிடுது வாளியம்மா. கரை திரும்பாது"ன்னாரு லேப்காரர்.

மாமா வடிகால் அங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. நல்லாத் தெரியும். ஆனா சீசன் ஆரம்பத்துல ஆபீசர் சொல்லியிருந்தாரு, "நாலாவது இடத்துல உங்க சொந்தக்காரர் நிலம் இருக்கு. யார் நிலம்னு பாக்காதீங்க, பக்கத்த மட்டும் பாருங்க." நான் அத வேதவாக்கா எடுத்துக்கிட்டேன். அந்த இடம் வந்தா கரைய நிமிந்துகூடப் பாக்க மாட்டேன். கைய மட்டும் பாப்பேன். என் நேர்மை மேல எனக்கு அவ்வளவு கர்வம்.

லேப்காரர் டிஷ்யூ பேப்பரத் திரும்பச் சுத்திக்கிட்டிருந்தாரு. நான் ஒரு ஓரமா உக்காந்து அழுதேன். யார நினைச்சு அழுறேன்னே புரியல. பலகையில ஒட்டின கடிதமும் ஆறின டீயும்தான் மாறி மாறி வந்துச்சு.

அங்கேருந்து நேரா ஆபீசர்கிட்ட போய்ச் சொன்னேன். அவர் கேட்டுட்டு நாற்காலியில சாஞ்சுக்கிட்டாரு. "நான் என்ன நம்புறது? நீங்க சொந்தக்காரி. செவ்வாய்க்கிழமை கலந்தாருன்னீங்க. வியாழக்கிழமை கலக்கலங்கிறீங்க. பாட்டில் மாறியிருந்தாலும் அவரே எழுதிக் கொடுத்திருக்காரே. நுரையப் பாத்தேன்னு எழுதியிருக்காரு. பாக்காத நுரைய ஒரு மனுஷன் எழுதுவாரா?"

"நான்தான் சார் சொன்னேன் நுரைய."

"அப்போ அது என்ன, உங்க நுரையா அவர் நுரையா?"

"நாளைக்கு மூணாவது தடவை எடுக்கணும்ல. நீங்க வந்து என்கூட ஆத்துல இறங்குங்க சார். அப்புறம் என்ன வேணா பண்ணுங்க"ன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில வந்தாரு. ஆபீஸ் பூட்ஸ் அவருக்குப் பெருசு, தண்ணியில வாத்து மாதிரி நடந்தாரு. லேப்காரரும் தட்டும் லென்ஸுமா வந்தாரு. நான் முறைப்படி தண்ணிக்கு எதிரா நடக்க வச்சேன். ரெண்டு வடிகாலுக்கும் நடுவுல நிறுத்தினேன்.

"சார், யோசிக்காம இடது கையத் தூக்குங்க."

தூக்கினாரு. கை டீச்சரம்மா வேலியக் காட்டுச்சு. அவர் கையப் பாத்தாரு, பலகையப் படிச்சாரு, திரும்பி மாமா தோட்டத்தப் பாத்தாரு. "அட!"ன்னாரு. அந்த 'அட'வுக்குள்ள எல்லாம் இருந்துச்சு.

அப்புறம் ரெண்டு பக்கமும் வலை போட்டோம். லேப்காரர் கரையிலயே தட்டுல கொட்டிப் பிரிச்சாரு. மாமா பக்கத்துத் தட்டுல மூணுவால் குதிச்சுது. அந்தப் பக்கத்துத் தட்டுல வெறும் சேறு. டீச்சரம்மா வேலிக்கு மேல எட்டிப் பாத்து, "கடைக்காரர் பூவுக்கு நல்லதுன்னு கொடுத்தத்தான் ஊத்துறேன், அதுல என்ன சார் இருக்கு?"ன்னு கேட்டாங்க. அவங்க கண்ணுல பயம் தெரிஞ்சுது. அவங்ககிட்ட என்ன கேக்கணும், எப்படிக் கேக்கணும்னு ஆபீசர் பாத்துக்கட்டும். இன்னொரு ஆளுக்குக் கடிதம் சொல்லிக் கொடுக்க எனக்குத் தெம்பு இல்ல.

"பிழை என்னுடையது"ன்னு நான் ஒரு தாள் எழுதி ஆபீசர்கிட்ட கொடுத்தேன். யாரும் சொல்லிக் கொடுக்காம நானே எழுதினேன். வேலை இருக்குமா போகுமான்னு அடுத்த வாரம் மேல கேட்டுச் சொல்றேன்னாரு. அப்புறம் சங்கத்துக்குப் போய்ப் பலகையிலேருந்து மாமா கடிதத்த உரிச்சு, "நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க"ன்னு என் கையில கொடுத்தாரு. மதகுக்கு சீல் இல்ல, மாமா பேர்ல ஒரு குறையும் இல்லன்னு சங்கத்துலயும் எல்லார் முன்னாடியும் சொன்னாரு.

ஓடினேன்னுதான் சொல்லணும். கதவத் திறந்த அக்கா என் முகத்தப் பாத்தே புரிஞ்சுக்கிட்டா. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள "நான் அன்னைக்கே சொன்னேன்ல! சொன்னேன்ல!"ன்னு என் முதுகுல ரெண்டு வச்சா. நல்லா வலிச்சுது. மூணு நாளைக்கப்புறம் என்கூடப் பேசுறாளேன்னு நிம்மதியா இருந்துச்சு.

மாமா அதே நாற்காலியிலதான் இருந்தாரு. அவர் கால்கிட்ட உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். பாலம், கொக்கி, கை, கரை, டிஷ்யூ பேப்பர். என் மேலதான் தப்பு மாமா, என்ன ரெண்டு அடி அடிங்கன்னேன். அவர் பொறுமையாக் கேட்டுக்கிட்டாரு. முடிஞ்சதும் கடிதத்த வாங்கி, கண்ணாடியத் தேடிப் போட்டுக்கிட்டு, முதல் வரியிலேருந்து படிச்சாரு.

"டீச்சரம்மாவ ஒண்ணும் சொல்லிடாதீங்கம்மா"ன்னாரு. "நான்தானே கழுவினேன்."

"நீங்க கழுவல மாமா. இப்பத்தானே சொன்னேன்."

"டேங்க கவுத்தேனே. வெள்ளையா நுரை போச்சே. பாத்தேனே." வடிகால் அந்தக் கூடத்துலயே இருக்கிற மாதிரி தரையக் காட்டினாரு. "இந்தப் பக்கமாத்தான் வளைஞ்சு போச்சு."

பின்னாடி நின்னு என் முதுகுல கை வச்சிருந்த அக்கா கைய எடுத்துட்டா.

"மாமா, அந்த நுரைய நான் சொன்னேன். நான் சொல்லித்தான் நீங்க எழுதினீங்க."

"எழுத்து என்னோடதுதானே?"

"எழுத்து உங்களோடது. நடக்கவே இல்ல மாமா. அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல."

"நடக்கலையா?"

"சத்தியமா இல்ல. நீங்க ஒண்ணும் செய்யல. இது நிச்சயம்."

அவர் கண்ணாடியக் கழட்டிட்டு என்னப் பாத்தாரு. கோவம் இல்ல, குத்திக் காட்டல. வழி தெரியாதவங்க வழி கேப்பாங்களே, அப்படித்தான் கேட்டாரு.

"அன்னைக்கும் நீ நிச்சயம்னுதானேம்மா சொன்ன?"